சிம்சிட்டி 2013: ஆடினவர்கள் திட்டியது நியாயம்தானா?

புதுச்சேரியில் சிவில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன், சிம்சிட்டி 2013 என்ற ஊர் கட்டுகிற கணினி விளையாட்டு தள்ளுபடியில் கண்ணில் பட்டது, ஆனால் ஆடினவர்கள் எழுதியதைத் தேடிப் படித்தால் பெரும்பாலும் கரித்துக் கொட்டியிருக்கிறார்கள், வாங்கலாமா வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகிற போக்கில், மேற்படிப்புக்கு நகரத் திட்டமிடல் எடுக்கிற எண்ணம் இருக்கிறது என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். எனக்கென்னவோ அந்தக் கடைசி வரிதான் உங்கள் உண்மையான கேள்வி என்று படுகிறது. பொழுதுபோக்குக்கு மட்டும் என்றால் தள்ளுபடி விலையில் எதையும் வாங்கிப் பார்க்கலாம். இந்த விளையாட்டு ஒரு நகரம் எப்படி இயங்குகிறது என்பதை ஒழுங்காகச் சொல்லிக் கொடுக்குமா, அல்லது தப்பாகப் பழக்கிவிடுமா என்பதுதான் நீங்கள் கேட்பது என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். சிவில் முடித்து, அப்புறம் நகரத் திட்டமிடல் படித்து, இருபது வருஷமாக மனைப்பிரிவு வரைபடம் போடுவதும் போக்குவரத்துக் கணக்கெடுப்புக்கு ஆள் கூட்டிக்கொண்டு போவதும்தான் பிழைப்பு. சிம்சிட்டி 2000 காலத்திலிருந்து கை சும்மா இருந்தால் ஊர் கட்டுகிற பழக்கம் உண்டு. ஆனால் நிரல் எழுதத் தெரியாது. ஆகவே விளையாட்டின் உள்ளே என்ன ஓடுகிறது என்று நான் சொல்வதில் பாதி, நிரலைப் பிரித்துப் பார்த்தவர்கள் அப்போதே வெளிப்படையாகக் காட்டியது. மீதி நான் ஆடிப் பார்த்து ஊகித்தது. எது எது என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

ஆடினவர்களுக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று புரிய, அவர்கள் எவ்வளவு காத்திருந்தார்கள் என்று தெரிய வேண்டும். வில் ரைட் முதல் சிம்சிட்டியை 1989-இல் கொண்டுவந்தார். அதற்கு முன் ஹெலிகாப்டரில் குண்டு போடுகிற ஒரு விளையாட்டைச் செய்துகொண்டிருந்தபோது, குண்டு போடுவதைவிட, போடுவதற்கான தீவை வரைவதே சுவாரசியமாக இருக்கிறது என்று அவருக்குத் தோன்றிய கதை பிரபலம். ஜே ஃபாரெஸ்டர் என்ற பேராசிரியர் 1969-இல் வெளியிட்ட நகர இயக்க மாதிரியின் தாக்கமும் அதில் உண்டு. பிறகு 1993, 1999, 2003 என்று ஒவ்வொரு பதிப்பும் முந்தையதைவிடப் பெரிதாகிக்கொண்டே போனது. 2007-இல் வந்த ஒன்று வேறு நிறுவனம் செய்தது, அதை ரசிகர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆக நாலாம் பதிப்புக்குப் பின் பத்து வருஷம் காத்திருந்தவர்களிடம், ஐந்து என்று எண் போடாமல், வெறும் ‘சிம்சிட்டி’ என்று பெயர் வைத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து கட்டியிருக்கிறோம் என்று இந்தத் தொடரைச் செய்துவந்த மேக்சிஸ் நிறுவனம் 2013-இல் கொண்டுவந்து கொடுத்தது. அந்தப் பத்து வருஷப் பசியையும் சேர்த்துத்தான் அந்த விமர்சனங்களைப் படிக்க வேண்டும்.

நீங்கள் படித்த திட்டுகளில் மூன்று தனித்தனிக் கோபங்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்தால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

முதல் கோபம் சர்வர். 2013 மார்ச் 5 அன்று அமெரிக்காவில் வெளியானது. தனியாக உட்கார்ந்து ஆடினாலும் இணைய இணைப்பு கட்டாயம், கட்டிய ஊர் உங்கள் கணினியில் இல்லாமல் அவர்கள் சர்வரில்தான் இருக்கும். முதல் வாரமே சர்வர் தாங்கவில்லை. காசு கொடுத்தவர்கள் வரிசையில் நின்றார்கள், பளுவைக் குறைக்க அதிவேக ஓட்டத்தையே சில நாள் எடுத்துவிட்டார்கள், அமேசான் அதன் தரவிறக்க விற்பனையைக் கொஞ்ச நாள் நிறுத்தியது, சமாதானமாக, வெளியீட்டு நிறுவனமான இ.ஏ. ஒரு விளையாட்டை இலவசமாகக் கொடுத்தது. இதெல்லாம் பதிவான விஷயம், மிகை இல்லை. ஊரின் கணக்கில் கணிசமான பகுதி சர்வரில் நடப்பதால் இணைப்பு அவசியம் என்று நிறுவனம் சொன்னது. இணைப்பை அறுத்துவிட்டாலும் ஊர் பாட்டுக்கு ஓடுகிறது என்று ஆடினவர்களே செய்து காட்டினார்கள். கடைசியில் 2014 மார்ச் 18 அன்று ஆஃப்லைனில் ஆடும் வசதியை அவர்களே கொடுத்தார்கள். ஆகவே இன்று வாங்குகிறவருக்கு இந்தக் கோபம் பழங்கதை.

எனக்கு அந்த வசதி வந்த நாள் தீபாவளி மாதிரி. 2013-இல் கடலூரில் மின்வெட்டு எப்படி இருந்தது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். என் யூ.பி.எஸ் பத்து நிமிஷம் தாங்கும். கணினி உயிரோடு இருக்கும், தெருமுனையில் பிராட்பேண்ட் பெட்டி செத்துப்போயிருக்கும். முத்தியால்பேட்டையில் ஒரு நண்பர் வீட்டில் மின்வெட்டுத் தொல்லை குறைவு என்று, ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் ஆடிவிட்டு வருவேன். இருபத்தைந்து கிலோமீட்டர் பஸ்ஸில் போய் இல்லாத ஊருக்கு ரோடு போடுகிற ஆள் என்று வீட்டில் இன்னமும் கேலி ஓய்ந்தபாடில்லை.

இரண்டாவது கோபம் ஊரின் அளவு. இது இன்னும் அப்படியே இருக்கிறது. ஒரு ஊருக்குக் கிடைக்கும் நிலம் ஏறக்குறைய 2 கிலோமீட்டருக்கு 2 கிலோமீட்டர். நாலாம் பதிப்பில் பெரிய சதுரம் நாலுக்கு நாலு, அதாவது நாலு மடங்கு பரப்பு. உங்கள் ஊரை வைத்தே சொல்கிறேன். அண்ணா சாலை, சர்தார் பட்டேல் சாலை, சுப்பையா சாலை, கடற்கரை என்று புல்வார்டுக்கு உட்பட்ட பழைய புதுச்சேரி இருக்கிறதே, அது அந்தச் சதுரத்துக்குள் அடங்கிவிடும். வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சுத் தெருக்கள், மேற்கே தமிழ்த் தெருக்கள், நடுவில் நேரு வீதிக் கடைகள் எல்லாம் உள்ளே. லாஸ்பேட்டை வெளியே, ஜிப்மர் வெளியே, ரெட்டியார்பாளையம் வெளியே. பதினேழாம் நூற்றாண்டுக் கடைசியில் டச்சுக்காரர்கள் வரைந்த கட்டத்துக்குள்ளேயே இருபத்தொன்றாம் நூற்றாண்டு நகரத்தை நடத்து என்றால் எப்படி இருக்கும்? ஆடினவர்கள் ‘நாலு மணி நேரத்தில் நிலம் தீர்ந்துவிடுகிறது, அப்புறம் இடித்து இடித்துக் கட்டுவதுதான் வேலை’ என்று எழுதியது அப்பட்டமான உண்மை. புறநகர் என்று ஒன்று வரவே வராது. நகரத் திட்டமிடலில் தலைவலி எல்லாம் புறநகரில்தான் இருக்கிறது என்பது வேறு விஷயம்.

ஆனால் இதற்கு அவர்கள் சொன்ன மாற்றை முழுக்கத் தள்ள மாட்டேன். ஒரு ஊரைப் பெரிதாக்காமல், பல சிறு ஊர்களை ஒரு வட்டாரமாகக் கோத்தார்கள். ஒன்று மின்சாரம் செய்யும், ஒன்றில் ஆலை, ஒன்றில் சுற்றுலா, ஒன்றில் சூதாட்ட விடுதி. மின்சாரத்தையும் தண்ணீரையும் பக்கத்து ஊருக்கு விற்கலாம், ஆட்கள் எல்லை தாண்டி வேலைக்கும் கடைக்கும் போவார்கள். இதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, நம் பக்கம் அச்சாக இப்படித்தானே! நெய்வேலியில் நிலக்கரி தோண்டி மின்சாரம், கடலூர் சிப்காட்டில் ரசாயன ஆலைகள், வைத்தியத்துக்கு ஜிப்மர். மற்றபடி முள்ளோடை எல்லை தாண்டிப் புதுச்சேரிக்குள் மாலை நேரத்தில் போகிறவர்கள் எதற்குப் போகிறார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு ஊரைத் தனியாகத் திட்டமிட முடியாது, வட்டாரமாகத்தான் பார்க்க முடியும் என்பதை இவ்வளவு எளிமையாக வேறு எந்த விளையாட்டும் சொல்லவில்லை. கெடுத்தது எங்கே என்றால், பெரும்பாலான ஊர்களுக்கு வெளியுலகத்தோடு ஒரே ஒரு நெடுஞ்சாலை வாசல்தான். வட்டாரமே அந்த ஒரு வாயில் வழியாகப் போய்வர வேண்டும். அரியாங்குப்பம் பாலத்தில் காலை ஒன்பது மணிக்குச் சிக்கியவர்களுக்கு அந்தக் காட்சி புதிதாக இருக்காது.

மூன்றாவது கோபம்தான் முக்கியம், அதைத்தான் பலர் மேலோட்டமாகக் கடந்துபோகிறார்கள். பழைய சிம்சிட்டிகளில் தெருவில் ஓடும் வண்டி வெறும் பொம்மை. உள்ளே ஓடுவது கணக்கு: இந்தப் பகுதியில் இத்தனை வீடு, அதிலிருந்து இத்தனை பயணம், இந்த ரோட்டில் இவ்வளவு நெரிசல் என்று மொத்தமாகப் போடுகிற கணக்கு. புதியதில் கிளாஸ்பாக்ஸ் என்று ஒரு மென்பொருள் இயந்திரம். நீங்கள் பார்க்கிற ஒவ்வொரு ஆளும் உண்மையில் நடமாடுகிற ஆள், ஒவ்வொரு துளித் தண்ணீரும் கழிவும் மின்சாரமும் ரோடு வழியே உருண்டு போகிற பொருள், அவை நடமாடுவதன் விளைவுதான் நகரம் என்றார்கள். கேட்கக் கேட்க நாக்கில் எச்சில் ஊறியது. ஆடியபோதுதான் வேஷம் கலைந்தது. காலையில் ஒரு ஆள் வீட்டிலிருந்து கிளம்பி அருகில் காலியாக உள்ள எந்த வேலைக்கும் போவார், மாலையில் அருகில் காலியாக உள்ள எந்த வீட்டுக்கும் போய்ப் படுத்துக்கொள்வார். நேற்று வாத்தியார், இன்று கடைக்காரர், நாளை வேறு தெருவில் வேறு குடும்பம். மக்கள்தொகையும் அப்படியே. ஐந்நூறு பேரைத் தாண்டியதும் திரையில் காட்டும் எண்ணை ஊதிப் பெருக்குகிற ஒரு வாய்பாடு உள்ளே இருப்பதை நிரலைப் பிரித்தவர்கள் எடுத்துப் போட்டார்கள். திரையில் லட்சம் என்றால், உள்ளே நடமாடுவது அதில் சிறு பங்குதான்.

போக்குவரத்தில்தான் இது அசிங்கமாக வெளியே தெரிந்தது. வெளியான புதிதில் வண்டிகள் எல்லாம் தூரம் குறைந்த வழியை மட்டுமே பார்த்தன. பக்கத்தில் அகலமான சாலை காலியாகக் கிடக்கும், நாலு கெஜம் குறைகிறது என்று அத்தனை வண்டியும் ஒரு மண்பாதையில் போய்ச் செருகிக்கொண்டு நிற்கும். ஒரு வீடு எரிந்தால் எல்லாத் தீயணைப்பு வண்டியும் அங்கேயே ஓடும், அடுத்த தெருவில் இன்னொன்று எரிவதை எதுவும் கண்டுகொள்ளாது. பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்வலம் போகும். அப்புறம் வந்த திருத்தங்களில் நெரிசலைப் பார்த்து வழி மாற்றுகிற புத்தி கொஞ்சம் வந்தது. முழுக்கச் சரியானது என்று நான் சொல்ல மாட்டேன். இது நான் ஆடிய அளவில் சொல்வது.

இதில் உங்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நிற்கிறேன். போக்குவரத்துத் திட்டமிடலில் நாலு படி என்று பின்னால் படிப்பீர்கள்: எத்தனை பயணம் கிளம்பும், எங்கே போகும், எதில் போகும், எந்த வழியில் போகும். நாலாவது படியில் எல்லாரையும் தூரம் குறைந்த வழியிலேயே கொட்டிவிடுவது ஆரம்பப் பாடத்து முறை. நெரிசல் ஏற ஏற ஆட்கள் அடுத்த வழிக்கு நழுவுவார்கள், கடைசியில் எந்த வழியில் போனாலும் நேரம் ஏறக்குறைய சமமாகிவிடும் என்று வார்ட்ராப் என்ற போக்குவரத்து ஆய்வாளர் 1952-லேயே எழுதிவிட்டார். மாணவனாக இருந்தபோது மரப்பாலம் சந்திப்பில் கணக்கெடுப்புக்கு நின்றேன். அட்டையில் ஏழு கட்டம்: சைக்கிள், டூவீலர், ஆட்டோ, கார், வேன், பஸ், லாரி. ஒரு வண்டிக்கு ஒரு கோடு, ஐந்தாவதுக்குக் குறுக்குக் கோடு, பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு முறை புது வரிசை. டூவீலர் கட்டம் மட்டும் முதல் வரிசையிலேயே நிரம்பி ஓரத்தில் வழியும். கடலூரிலிருந்து வருகிறவர் அங்கே நேரே போகலாம், ஏ.எஃப்.டி ரயில்வே கேட் மூடியிருந்தால் மாட்டிக்கொள்வார். அல்லது இடது பக்கம் நூறடி சாலையில் திரும்பலாம். வழக்கமாக வருகிறவர்கள் மணியைப் பார்ப்பார்கள், எதிரே வருகிற வண்டி வரத்து நின்றுவிட்டதா என்று பார்ப்பார்கள், கேட் போட்டாச்சு என்று தாங்களே முடிவுசெய்து இடது இண்டிகேட்டரைப் போடுவார்கள். எதிரே வண்டி வராததை வைத்து முன்னால் கேட் மூடியிருப்பதைக் கண்டுபிடிக்கிற மூளை அது. மேக்சிஸின் ஆள் ஆளாகச் சிமுலேட் செய்த நகரத்தில் அந்த மூளை ஒருவருக்கும் இல்லை. மொத்தமாகக் கணக்குப் போட்ட 2003-ஆம் வருஷத்துப் பதிப்பு, தன் குறைகளோடும்கூட, உண்மைக்கு இன்னும் பக்கத்தில் இருந்தது என்பது என் தீர்ப்பு. அதிலும் எல்லைக்கு எல்லை ஓடிக்கொண்டே வீடு திரும்பாத பயணிகள் உண்டு. அதற்குப் பரிகாரம் தேடி மாளாது.

அப்படியானால் இதில் நல்லதே இல்லையா என்றால், இருக்கிறது. திட்டியவர்கள்கூட ஒத்துக்கொண்ட விஷயங்கள் உண்டு. பார்க்க அவ்வளவு அழகு, மேஜைமேல் வைத்த மாதிரி வடிவம் போல. வளைந்த ரோடு இழுக்க வரும். தகவல் படலங்கள் பிரமாதம்: தண்ணீர் என்று அழுத்தினால் நிலத்தடி நீர் நீலமாக விரியும், கழிவு என்று அழுத்தினால் பழுப்பு உருண்டைகள் வீட்டிலிருந்து குழாய்க்குப் போவது தெரியும். வரைபடத்தில் ஒரு செய்தியை எப்படிக் காட்டுவது என்று நான் அதிலிருந்து உண்மையிலேயே திருடியிருக்கிறேன். ரோட்டின் அகலம்தான் கட்டடத்தின் உயரத்தைத் தீர்மானிக்கும் என்று வைத்ததும் நல்ல யோசனை, நம் விதிகளிலும் சாலை அகலத்தைப் பார்த்துத்தானே உயரம் கொடுக்கிறோம்.

எனக்கு மிகவும் பிடித்தது நிலத்தடி நீர். இறைக்க இறைக்கக் குறையும். மேலே ஆலை வைத்தால் மண்ணில் அழுக்கு இறங்கும், அந்த இடத்தில் பம்பு போட்டால் ஊரே நோயில் விழும். சிப்காட் பக்கத்துக் கிராமத்தில் கிணற்றை எட்டிப் பார்த்த ஒருவனுக்கு இதை விளக்க வேண்டாம். ஆனால் ஆடினவர்கள் இதற்கும் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார்கள்: கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தை ஒட்டிப் பம்பை வைத்தால், வெளியே விடுகிற நீர் அதே நிலத்தில் இறங்கித் திரும்பத் திரும்ப ஊறும், தண்ணீர்ப் பஞ்சமே வராது. கேட்கத் தந்திரம் மாதிரி இருந்தாலும், சுத்திகரித்த நீரை மண்ணுக்கே திருப்புவது நிஜத்திலும் நடக்கிற முறைதான். அளவுதான் மிகை.

எந்த நகர விளையாட்டும் சொல்லித் தராத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், 2013-ஐ மட்டும் இதற்குக் குறை சொல்லக் கூடாது. நிலம் யாருடையது என்ற கேள்வி அங்கே கிடையாது. நிஜத்தில் ஒரு மனைப்பிரிவு போடும்போது நடுவில் ஒருவர் முப்பது சென்ட்டை வைத்துக்கொண்டு, அண்ணன் தம்பி பாகம் தீரவில்லை, கையெழுத்துப் போட மாட்டேன் என்பார். நேராகப் போக வேண்டிய ரோடு அவர் வேலியைச் சுற்றி வளையும். பெரிய மனைப்பிரிவென்றால் பத்து சதவீதம் திறந்தவெளி விட வேண்டும், எந்த மூலையில் விடுவது என்பதற்கே மூன்று மாதம் பேச்சு நடக்கும். அப்புறம் வண்டி நிறுத்தம். உண்மையான அளவில் பார்க்கிங் போட்டால் ஊரே பார்க்கிங்காகிவிடும் என்று பெரும்பகுதியைக் காட்டாமல் விட்டதாக அந்த விளையாட்டை வடிவமைத்தவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். நேரு வீதியில் சனிக்கிழமை சாயங்காலம் வண்டி நிறுத்த இடம் தேடினால் அவர் ஏன் விட்டார் என்று புரியும். அப்புறம் மனை வரைந்தால் ஆள் வந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கை. ஐம்பதாயிரம் பேருக்கு என்று திட்டமிட்டு 1968-இல் தொடங்கிய ஆரோவில் உங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, இன்றும் சில ஆயிரம் பேர்தான் வசிக்கிறார்கள்.

சரி, வாங்குவதா? ஒரு சினிமா டிக்கெட், முட்டை தோசை செலவுக்குள் கிடைத்தால் வாங்குங்கள். பதினைந்து, இருபது மணி நேரம் நிச்சயம் ரசிப்பீர்கள், அப்புறம் சலிக்கும். அதற்கு மேல் விலை என்றால் வேண்டாம். ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும், அதுவும் படிப்புக்கு உதவ வேண்டும் என்றால் ஃபின்லாந்தின் கொலோசல் ஆர்டர் நிறுவனம் உருவாக்கி 2015 மார்ச்சில் வெளியான சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் முதல் பதிப்பைச் சொல்வேன். பத்துப் பதினைந்து பேர் செய்தது. சிம்சிட்டி இழந்த ரசிகர்களை மொத்தமாக அள்ளிக்கொண்டது. அது வெளியாவதற்குச் சில நாள் முன்புதான் மேக்சிஸின் எமரிவில் அலுவலகத்தையே மூடினார்கள். அதிலும் ஆள் ஆளாகத்தான் நடமாட்டம், ஆனால் அந்த ஆளுக்கு நிலையான வீடும் வேலையும் உண்டு, நிலமும் தாராளம். 2023-இல் வந்த இரண்டாம் பதிப்பு கணினியைப் பிழிந்தெடுக்கிறது என்று அதை வாங்கியவர்கள் புலம்பியது எனக்குப் பழைய ஞாபகங்களைக் கிளப்பியது. உங்கள் மடிக்கணினி சாதாரணம் என்றால் அந்தப் பக்கம் போகாதீர்கள். என் கணினியே தாங்காததால் அதை நான் ஆடவில்லை.

சிம்சிட்டி 2013-ஐயே வாங்கினால் ஆஃப்லைன் முறையில் ஆரம்பியுங்கள், அதில்தான் ஊரைப் பல நகலாகச் சேமித்து வைத்துச் சோதனை செய்ய முடியும். இரண்டு இடத்தை இரண்டு சாலையால் இணையுங்கள்: ஒன்று தூரம் குறைந்த சின்ன ரோடு, இன்னொன்று கொஞ்சம் சுற்றான அகல ரோடு. அரை மணி நேரம் ஓடவிட்டு, எதில் எத்தனை வண்டி போகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அதே வாரம் ஒரு அட்டையும் பேனாவும் எடுத்துக்கொண்டு மரப்பாலத்துக்குப் போய் ஒரு மணி நேரம் நின்று எண்ணுங்கள். எட்டு மணிக்கே போய்விடுங்கள், ஒன்பதுக்கு மேல் அங்கே நிழல் கிடைக்காது. கடைக்காரர்கள் வரி போட வந்தவன் என்று நினைத்து முறைப்பார்கள், காலேஜ் ப்ராஜெக்ட் அண்ணா என்றால் உட்கார ஸ்டூல் கொடுப்பார்கள்.